கருப்பையாவுக்குப் போட்ட மாலை

பெண் பார்க்க வந்த இடம் தட்டிப்போக எத்தனையோ காரணங்கள் உண்டு. ஜாதகம் பொருந்தாது, நகைப் பேச்சில் முறியும், பெண் பையனைவிட ஒரு விரல் உயரமாக இருந்து தொலைப்பாள். எனக்கு வந்த கடைசி நல்ல வரன், வடதுருவத்துப் பக்கம் வாழும் ஒரு கரடியால் தட்டிப்போனது. விசாரித்துப் பார்த்தவரையில் ரங்கூனில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படி நடக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. (அங்கே என் பர்மியப் பெயர் மா மீ மீ. வீட்டில் மீனாட்சி.) கல்யாண வயதில் இருந்த நம் பையன்களில் பாதிப் பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள், என் தம்பி உள்பட. மீதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கும்பிடாத கோயில் இல்லை.

அந்த ஏப்ரல் மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. பபேடானில் எங்கள் வீடு நாலாவது மாடி, தகரக் கூரைக்கு நேர் கீழே. மின்சாரம் எப்போதாவது வரும், நலம் விசாரித்துவிட்டுப் போய்விடும். இரும்புக் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த அப்பா, விசிறியால் முதுகைச் சொறிந்தபடி சொன்னார்: "நரகத்துலயாவது மீ இருக்கும்." (பர்மிய மொழியில் மீ என்றால் நெருப்பு. மின்சாரத்துக்கும் அதே பேர்தான். அப்பாவின் நகைச்சுவை எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும்.)

அவரைக் குளிர்விக்கலாம் என்றுதான் ஒருநாள் என் போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கனடாவில் விஞ்ஞானிகள் பனிக்கரடிகளின் கழுத்தில் பட்டை மாட்டிவிடுகிறார்கள். பட்டையில் இருக்கும் கருவி, கரடி நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு கரடியும் ஒரு புள்ளி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அங்க எவ்வளவு குளிரும்?"

"மைனஸ் இருபது இருக்கும்பா."

"கொடுத்து வச்சவன்," என்றார், ஒரு புள்ளியைத் தொட்டு.

அதற்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அப்பா அப்போதே கருப்பையா என்று பெயர் வைத்தார். "வெள்ளைக் கரடிக்கா?" என்றாள் அம்மா. "தனியாப் பனியில திரியுறான். கருப்பர் பேரு துணைக்கு இருக்கட்டும்," என்றார் அப்பா. அவருக்குக் குலதெய்வம் கருப்பர். பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து நான் அலுவலகம் கிளம்புமுன் கருப்பையா எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா அந்தச் செய்தியைத் தேநீர்க் கடைக்கு எடுத்துக்கொண்டு போவார். கடைக்காரர் கோ சோ, "ஊ கருப்பையா நல்லா இருக்காரா?" என்று பெரியவர்களுக்குப் போடும் 'ஊ' போட்டு மரியாதையாக விசாரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. கோடையில் கடல் பனி உருகி, கரடிகள் கரையேறின. பனி இருந்தால்தான் அவை சீல் பிடித்துத் தின்ன முடியும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பட்டினியா கிடப்பானே," என்று அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா என்னை முறைத்தாள்.

தீபாவளிக்குப் பிறகு மற்றப் புள்ளிகள் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போயின. கருப்பையா மட்டும் கரையிலேயே நின்றான். பிறகு புள்ளியே காணாமல் போனது. அப்பா காலையில் கேட்டார், மாலையில் கேட்டார், அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். வரைபடத்துக்குக் கீழே நீளமாக ஒரு விளக்கம் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. (இங்கிலீஷ் எனக்கு வரும். பொறுமைதான் வராது.) ஒருநாள் சுலே பகோடாப் பக்கமிருந்து கூட்டத்தில் நசுங்கி நடந்து வந்து, நாலு மாடி ஏறி, செருப்பைக் கழற்றும்முன் அவர் வாயைத் திறந்தார். நான் சொல்லிவிட்டேன்:

"செத்துப்போச்சுப்பா."

அப்பா அழவில்லை. உள்ளே போய்ப் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள், "ஒரு படம் வச்சுப் படையல் போட்டுட்டா மனசு ஆறும்," என்றார். நானே அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிக்கரடிப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கையோடு மாலையும் வாங்கி வந்தேன். படித்த பெண் செய்கிற காரியமா என்று இப்போது கேட்கலாம். அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை படையல். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க இன்சீனிலிருந்து வருவதாக ஏற்பாடு. பையன் முருகேசனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவன் பயணம் ஒருநாள் முன்னால் வந்துவிட்டதால், சனிக்கிழமையே கிளம்பியிருக்கிறார்கள். போன் லைன் கிடைக்காததால் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்தால் தட்டில் பழத்தோடு முருகேசன், பின்னால் மூச்சிரைக்க அவன் அம்மா டோ பார்வதி. (ஆண்களுக்கு ஊ மாதிரி, பெரிய பெண்களுக்கு டோ.)

கூடத்தில் ஜன்னல் மூடி இருட்டாக இருந்தது. மூலையில் மாலை போட்ட படம், விளக்கு, முன்னால் வாழையிலை.

டோ பார்வதி குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?"

"கருப்பையா," என்றார் அப்பா.

"நெருங்குன சொந்தமா?"

"சொந்தம் மாதிரிதான். நேர்ல பாத்ததில்ல."

"எந்த ஊர்ல இருந்தார்?"

"கனடா பக்கம். தனியாத்தான் கிடந்தான். கடைசிக் காலத்துல சாப்பாடும் சரியில்ல."

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருகேசன் தலையைக் குனிந்திருந்தான், தோள் குலுங்கியது. எவ்வளவு இளகிய மனசு என்று நான் நெகிழ்ந்துபோனேன். அவன் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்பது பிறகுதான் உறைத்தது.

டோ பார்வதி கும்பிடுவதற்காகப் படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"இது கரடி," என்றார்.

"ஆமா," என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்களுக்குப் பைத்தியம் இல்லை, இது விஞ்ஞானம் என்று நிரூபிக்கத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் வந்தது. தெருவே "மீ லாபீ" என்று கத்தியது. போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். "கீழ என்னமோ எழுதியிருக்கே, படி," என்றார் டோ பார்வதி. படித்துத் தமிழில் சொன்னேன்.

"இதில் உள்ளவை எல்லாம் பெண் கரடிகள். ஆண் கரடிக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், அதனால் பட்டை நழுவிவிடும்."

"அப்ப கருப்பையா?" என்றார் அப்பா.

"பொம்பளைப்பா."

"மேல படி," என்றார் டோ பார்வதி.

"கர்ப்பமான கரடி பனிக்காலத்தில் குழி தோண்டி உள்ளே போய்க் குட்டி போடும். அப்போது சிக்னல் கிடைக்காமல் போகலாம். வசந்தத்தில் வெளியே வரும்."

 

"அப்ப உசுரோட இருக்கானா?" என்று அப்பா எழுந்தே விட்டார்.

டோ பார்வதி அவரைப் பார்க்கவில்லை. "புள்ளத்தாச்சி படத்துக்கு மாலை போட்டு விளக்கேத்தியிருக்கீங்க," என்றார். தன் கையாலேயே மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். "வாயில்லா ஜீவன், நல்லபடியாப் பெத்துப் பிழைக்கட்டும்." காப்பியைத் தொடாமல் மகனோடு படியிறங்கினார்.

பதில் தரகர் மூலம் வந்தது. "என் மகன் ரெண்டு நாள் போன் பண்ணலேன்னா இவங்க அவன் படத்துக்கும் மாலை போட்டுருவாங்க."  முருகேசன் விமானம் ஏறினான். அம்மா அப்பாவோடும் என்னோடும் பேசுவதை நிறுத்தினாள். நான் பஸ்ஸில் போகும்போது யாரும் பார்க்காமல் அழுதேன். அதற்குப் பிறகு வேறு வரன் வரவில்லை.

பங்குனியில் அந்தப் புள்ளி திரும்பி வந்தது, கடலைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது. குட்டிகள் கூட வந்தனவா என்பதைப் புள்ளி சொல்லாது. அப்பா தேநீர்க் கடையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அடுத்த வருடம் அந்த எண்ணே பட்டியலில் இல்லை. இந்த முறை நான் விளக்கத்தை முழுவதும் படித்தேன். நாளானால் பட்டை தானே கழன்று விழுந்துவிடுமாம்.

போன மாதம், மலேசியாவில் வேலை பார்க்கும் என் தம்பியின் போன் அணைந்தே கிடந்தது. வேலை பார்க்க உரிய தாள் இல்லாதவர்களைப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்தபடி இருந்தது. அம்மா அடுப்பு மூட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

அப்பா சொன்னார்: "ஒண்ணுமில்ல. உண்டாகியிருப்பான். குழிக்குள்ள சிக்னல் கிடைக்காது."

அம்மா அவரை வெறித்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அரிசி களையப் போனாள்.

"ரெட்டையாப் பெத்துக்கிட்டு வரட்டும்," என்றாள் உள்ளேயிருந்து.