ஆறு மணிக்குப் பிறகு நல்ல நேரம்

வுப்பர்டால், ஜெர்மனி,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம்.

அன்புள்ள மருமகள் கம்சனாவுக்கு,

பரராசசிங்கம் மாமா எழுதுவது. இங்கே நானும் மாமியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை, விசாரிக்காமல் கடிதம் தொடங்கவும் பழக்கமில்லை, ஆகையால் விசாரித்ததாக வைத்துக்கொள். நேற்று உனக்கு நாலு தரம் போன் வந்து, நீ எடுத்ததும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். அது நான்தான்.

நகரசபைத் தேர்தலில், இருபது வருடமாக ஆசனத்தை விடாத ஹெர் ஸ்ரைன்கோப்பிடம் நீ பதினொரு வாக்கில் தோற்றாய். "என்ர சனமே என்னை நம்பேல்ல, பிறகென்ன" என்று சொல்லி, கட்சி தன் பட்டியல் வழியாகத் தருகிற நகரசபை இடத்தையும் நீ வேண்டாம் என்கிறாயாம், வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம் என்று உன் அம்மா என்னிடம் அழுதாள். அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை, உன் சனம் உன்னை நம்பியது. அந்தச் சனத்தில் பதினாலு பேரை என் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தவன் நான்.

பத்திரிகைக் கணிப்பில் நீ நாலு வீதம் முன்னுக்கு நிற்கிறாய் என்று வந்த அன்றே அந்தத் துண்டை வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன், கடையில், கோயிலில், பல்வைத்தியரிடம் வாயைத் திறந்தபடிகூட "எங்கட பிள்ளை வெண்டிட்டாள்" என்று சொல்லித் திரிந்தேன், அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை, ஆளாளுக்குத் தனியாகப் போய் வாக்குப் போட்டால் மாமன் கொண்டுவந்த வாக்கு எது என்று யாருக்குத் தெரியும் என்ற பெருமை தலைக்கேறி, ஞாயிறு மத்தியானம் பதினாலு பேரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், சாப்பிட்டு முடிய ஊர்வலமாகப் போய் வாக்குச்சாவடி வாசலில் படம் எடுப்பதாக ஏற்பாடு. ஆட்டிறைச்சிக் கறி நன்றாக அமைந்துவிட்டது. செல்வரட்ணம் அண்ணை மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். தேத்தண்ணியும் முடிந்து எல்லாரும் சப்பாத்துப் போடும்போது நாலு இருபத்தைந்து. அப்போதுதான் என் கண் குசினிச் சுவரில் தொங்கும் யாழ்ப்பாணக் கலண்டரில் போய் விழுந்தது. ஞாயிறு, ராகுகாலம், நாலரை முதல் ஆறு.

"ராகுகாலத்தில பிள்ளைக்குப் புள்ளடி போடக்கூடாது. எல்லாரும் இருங்கோ," என்றேன்.

காலையிலேயே டுசல்டோர்ஃபில் தன் வாக்கைப் போட்டுவிட்டு வந்திருந்த மகள் ஆதிரை, "அப்பா, ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்," என்றாள்.

"ஆறு மணிக்கு வரிசையில நிண்டால் விடத்தான் வேணும். எனக்குச் சட்டம் தெரியும்."

செல்வரட்ணம் அண்ணை கண்ணைத் திறக்காமலே, "பரா சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

ஐந்து ஐம்பதுக்கு வெளிக்கிட்டோம். பத்து நிமிட நடை, வாசலை மிதிக்கும்போது சரியாக ஆறு, இதுதான் என் கணக்கு. கழற்றிப் போட்ட பதினாலு சோடிச் சப்பாத்தில் யாருடையது எது என்று தேடுகிற நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மணி மூன்று நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைப் பூட்டிய பெண், பகல் முழுக்க எங்கே இருந்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், ராகுகாலத்துக்கு ஜெர்மன் மொழியில் சொல் எனக்குத் தெரியவில்லை. படம் மட்டும் எடுத்தோம்.

திரும்பி வரும்போது ஆதிரை போனைக் காட்டினாள். ராகுகாலம் என்பது அந்தந்த ஊரில் சூரியன் உதிக்கிற, படுகிற நேரத்தை வைத்துப் பார்ப்பதாம். வுப்பர்டாலில் அன்று அது ஆறு மணி பத்துக்குத்தான் தொடங்கியதாம். அதாவது நல்ல நேரம் முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து கழித்துவிட்டு, அசல் ராகுகாலத்தைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று வரவேற்றிருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஹெர் ஸ்ரைன்கோப் என்னைக் கடையில் கண்டு கைகொடுத்தார். "உங்கள் ஆட்களின் ஆதரவுக்கு நன்றி," என்றார். நானும் கையைக் கொடுத்துவிட்டு வந்தேன், பிள்ளை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

கலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. இனிமேல் இந்த வீட்டில் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கிற வேலை இல்லை, இது சத்தியம். பதினாலு பேரும் உனக்குப் போடத்தான் வந்தார்கள். நீ கட்சிக்கு ஓம் என்று சொல்லு.

உனக்கு எல்லா நன்மையும் வந்து சேரட்டும், நான் குறுக்கே நிற்காமல் இருக்கிறேன்.

தலை குனிந்தபடி,
மாமா பரராசசிங்கம்

பி.கு.: தபாற்பெட்டியை நாலு மணிக்கு வெறுமையாக்குவார்கள். ஆனால் இன்று செவ்வாய், யாழ்ப்பாணக் கணக்கில் ராகுகாலம் மூன்று முதல் நாலரை, ஜெர்மன் கணக்கில் நாலரை முதல் ஆறு. நல்ல காரியம், இரண்டிலும் படக்கூடாது. நாளை பின்னேரம் போடுகிறேன். எப்படியும் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும்.

பி.கு. 2: பிள்ளை, புஷ்பராணி மாமி எழுதுறன். தொங்குரயிலுக்குள்ள இருந்து எழுதுறதால எழுத்து ஆடும். மனுசன் கலண்டரைக் குப்பையில இருந்து எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறார், அதுக்குக் கீழதான் இந்தக் கடிதமும் கிடந்தது. நாளைக்கெண்டு விடாமல் ரெண்டு பேரும் இப்பவே உன்னட்டத்தான் வாறம். இன்னும் ராகுகாலம் முடியேல்ல எண்டு மாமா பக்கத்தில கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறார். நீ கட்சிக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கதவைத் திற.