மாமன் ஊருக்கு ரெட்டை மரியாதை

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் ஜோசப்ராஜ் அவர்களுக்கு,

நன்னிலம் பக்கத்திலிருந்து உங்கள் தங்கச்சி புருஷன் மதலைமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும், உங்கள் தங்கச்சி சவரியம்மாளும், மகன் ஜெனித்தும், கல்யாணப் பெண் லின்சியும், சினைப்பசுவும் சுகம். அங்கே நாகப்பட்டினத்தில் நீங்களும் அக்காவும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டுகிறோம். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு சேதியை ஆரம்பித்து வாய்க்கால் வரப்பைத் தாண்டுவதற்குள் “சரி மாப்ள, வச்சிடுறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆகவேண்டும்?

சேதி என்னவென்றால், மச்சான், நான் கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டேன்.

முதலிலிருந்து வருகிறேன். லின்சி கல்யாணத்தைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தின திங்கள்கிழமைக்கு வைத்து, பத்திரிகை அடித்து, தட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்து வைத்தோம். அன்றைக்கு அக்கா வைத்த வஞ்சிரக் குழம்பு இருக்கிறதே, அதைப்பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறோம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். துபாய்க் கம்பெனியில் அவர் லீவைக் குறைத்துவிட்டார்களாம். பின்னால் தள்ளலாமென்றால் தவக்காலம் வந்து நிற்கிறது, அதில் தாலி கட்ட சாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆகவே முன்னால் இழுத்தாயிற்று. புதுத் தேதிதான் உங்களுக்குச் சேதியில் வந்திருக்குமே, அதை இங்கே வேறு எழுதி மையை வீணாக்குவானேன்.

மண்டபம் கிடைத்தது, சமையல்காரரும் சரி என்றார். மிச்சம் சொந்தக்காரர்கள். ஒரு வீட்டுக்குச் சேதி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜெனித் சிறுவனாக முதல் அப்பம் வாங்கின புதுநன்மையின்போது உங்களுக்குச் சேதி பிந்தி வந்ததற்கு, கோயிலில் முட்டிபோட்டு செபித்துவிட்டு, பந்தியில் உட்காராமல் நேரே பஸ் ஏறினவர் நீங்கள். உங்கள் தங்கச்சி இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டாள்: “யாரு விட்டுப்போனாலும் போவட்டும். எங்கண்ணன் மட்டும் விட்டுப்போச்சு, கோயிலுக்குப் பொண்ண நீங்களே தனியா இட்டுக்கிட்டுப் போங்க.” லின்சி அதற்கு மேலே. “மாமா முன்னால நடந்தாத்தான் நான் படி ஏறுவேன்” என்கிறாள்.

ஜெனித் நம் சொந்தம் மொத்தத்தையும் பேர், ஊர், போன் நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். டேட்டாபேஸாம். மேலே ஊர்ப்பேராக ஒரு பட்டியல். எந்த ஊரைத் தொடுகிறோமோ அந்த ஊர் நீலமாகும். பக்கத்தில் ‘வடிகட்டு’ என்று ஒரு பொத்தான், அதை அமுக்கினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கீழே வந்து நிற்பார்கள். அப்புறம் ‘அனுப்பு’. ஒரேயடியாக எல்லாருக்கும் அனுப்பேன்டா என்றேன். மாப்பிள்ளை வீட்டு ஊர்களும் அதிலேயே கலந்து கிடக்குதாம். தேதியை மாற்றச் சொன்னவர்களுக்கே தேதி மாறிப்போச்சு என்று நாம் சேதி விட்டால் நன்றாகவா இருக்கும்? “எது நம்ம ஊரு, எது அவங்க ஊருன்னு உங்களுக்குத்தாம்பா தெரியும். நீங்களே தொடுங்க” என்று என்னை உட்காரவைத்துவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டான்.

பக்கத்து வயல் வீரையன் அறுவடை மெஷின் எப்போ வருது என்று கேட்க வந்தவர், அதை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒன்றையும் தொடாமல் ‘வடிகட்டு’வை அமுக்கிவிட்டேன். மச்சான், ஒரு ஆள் இல்லை! வெள்ளைவெளேரென்று வெறும் திரை. “என்ன மதல, பொண்ணு கல்யாணத்துக்கு நானும் நீயுந்தானா?” என்கிறார் வீரையன். எனக்கு வேர்த்துவிட்டது.

அப்புறம் திருத்துறைப்பூண்டியைத் தொட்டேன், நீலமாச்சு. நன்னிலத்தைத் தொட்டேன், அது நீலமாச்சு, திருத்துறைப்பூண்டி வெளுத்துப்போச்சு. திரும்ப அதைத் தொட்டால் நன்னிலம் போயிடுது. சட்டுசட்டுன்னு வேகமா தொட்டுப் பார்த்தேன், அதுக்கும் அசையல. “ஒருத்தரப் பந்தியில உக்கார வச்சா இன்னொருத்தர எழுப்பி விடுதுய்யா இது. எந்த ஊரு பழக்கம்?” என்று வீரையன் கம்ப்யூட்டரையே திட்டினார். கோபத்தில் பட்டியலை மூடித் திறந்தேன், எல்லா ஊரும் பழையபடி வெள்ளை; அப்புறம்தான் ஜெனித்துக்குப் போன் போட்டேன். அவன் ஒரே பேச்சில் முடித்தான்: “கண்ட்ரோல்னு ஒரு கட்டை இருக்கும்பா, அத அமுக்கிப் புடிச்சிக்கிட்டே தொடுங்க. கைய எடுத்துடாதீங்க.”

அங்கேதான் மச்சான் நான் யாருன்னு காட்டினேன். மடை உடைப்புல காலை வச்சு அடைச்சிக்கிட்டு ராத்திரியெல்லாம் நின்னவன் நான், ஒரு கட்டைய அமுக்கிப் புடிக்க மாட்டேனா? இடது கட்டைவிரல வச்சேன் பாருங்க, அதோட சரி. முதல் மரியாதை தாய்மாமனுக்கு, அதனால முதல்ல நாகப்பட்டினம். நீலம். அப்புறம் திருத்துறைப்பூண்டி, நன்னிலம், ஒவ்வொண்ணா எல்லாம் நீலம், ஒண்ணுகூட எழுந்திருக்கல! உங்க தங்கச்சி காபி கொண்டாந்தா, வலது கையால வாங்கிக் குடிச்சேன். மூக்குல ஈ உக்காந்துச்சு, வீரையன்தான் ஓட்டிவிட்டார். விரல எடுக்கலையே நான்! கடைசி ஊரும் முடிஞ்சதும், ஆரம்பத்துல செஞ்ச மரியாதைய முடிவுலயும் செய்யணும்னு மறுபடி நாகப்பட்டினத்தையே ஒரு தடவை தொட்டு முடிச்சேன். மத்த ஊரெல்லாம் நீலமாக் கிடக்க, உங்க ஊரு மட்டும் வெள்ளையா தனிச்சு நிக்குது. “மாமன் ஊருன்னா சும்மாவாய்யா, வெளிச்சத்தப் பாரும்!” என்றேன். வீரையன் நாற்காலிய இன்னும் கிட்ட இழுத்துக்கிட்டார்.

வடிகட்டு. கீழ நம்ம சனம் மொத்தமும் வந்து நிக்குது, மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்ல. அனுப்பு. காபி டம்ளர கீழ வைக்கல, திருத்துறைப்பூண்டி ராசம்மாள் போன்ல வந்துட்டா, “அண்ணே, தேதி வந்துடுச்சு, எல்லாரும் வந்துர்றோம்.” அப்புறம் போன் நிக்கவே இல்லை. ஜெனித் வந்து பார்த்து, “பரவாயில்லையேப்பா!” என்றான். அவன் வாயிலேருந்து அந்த வார்த்தை வர்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

உங்கள் தங்கச்சி உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தாள். நான் விடவில்லை. முதல் சேதியே உங்களுக்குப் போன பிறகு திரும்பச் சொன்னால் உங்களைக் குறைத்து நினைத்ததுபோல் ஆகிவிடாதா?

ஆகவே சீர்த்தட்டோடு முதல் நாளே வந்துவிடவும். அக்காவுக்கு எங்கள் அன்பு. எல்லா நன்மைகளையும் மாதா உங்களுக்குத் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
கம்ப்யூட்டரை ஜெயித்த உங்கள் மாப்பிள்ளை
அ. மதலைமுத்து

பின்குறிப்பு: மச்சான், இதை முதலில் படிக்கவும். மேலே உள்ளதை அப்புறம் படிக்கலாம், படிக்காமலே விட்டாலும் நல்லது. உறையில் போடச் சொல்லி ஜெனித்திடம் கொடுத்தேன். படித்துப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அப்பா, கண்ட்ரோல புடிச்சிக்கிட்டு ரெண்டாவது தடவை தொட்டா, தொட்டத எடுத்துடும்பா. வெள்ளைன்னா இல்லைன்னு அர்த்தம்.” நாகப்பட்டினத்துக்கு மட்டும் சேதி போகவில்லை. கல்யாணம் வருகிற திங்கள்கிழமை, காலைப் பூசையில். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தபாலை நம்பவும் முடியவில்லை. ஜெனித்தே வண்டியில் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பான். பெட்டியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம், அவன் வண்டியிலேயே ஏறி வந்துவிடவும். கோபத்தை இங்கே வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே படலாம். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். மற்ற எல்லாரையும் மெஷின்தான் கூப்பிட்டது. பெற்ற மகனை அனுப்பி அழைத்தது உங்களை மட்டும்தான். யார் கேட்டாலும் இதையே சொல்லவும், முக்கியமாக உங்கள் தங்கச்சியிடம்.