மெஷின் வாங்கப்போகிறவர்

தொழில் செய்கிறவர்களில் மூன்று இனம் உண்டு. மெஷின் வாங்கியவர், மெஷின் வாங்காதவர், மெஷின் வாங்கப்போகிறவர். முதல் இரண்டு பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்கியவர் அதை வைத்து வேலை செய்கிறார். வாங்காதவர் அது இல்லாமல் வேலை செய்கிறார். மூன்றாமவருக்குத்தான் வேலை செய்ய நேரமில்லை. அவர் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். நந்தம்பாக்கத்தில் எந்தக் கண்காட்சி நடந்தாலும் முதல் ஆளாக உள்ளே போய், கடைசி ஆளாக வெளியே வந்து, துணிப்பை நிறைய நோட்டீசும் கழுத்தில் தொங்கும் பெயரட்டையுமாக வீடு வரைக்கும் அதைக் கழற்றாமல் வருகிறவர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், ரசம் வருவதற்குள், மோட்டாருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி நல்லதா காற்றுக் குளிர்ச்சி நல்லதா என்று கேட்கிறவர். கேட்பார், நம்ப மாட்டார். மெஷின் வாங்கியவர் "நல்லாருக்கு" என்றால், வாங்கித் தொலைத்தவன் வேறெப்படிச் சொல்வான் என்பார். வாங்காதவர் "வேணாம்" என்றால், வாங்காதவனுக்கு என்ன தெரியும் என்பார். பிறகு யாரைத்தான் நம்புவார்? இன்னும் கேட்காத ஒருவரை.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், சமையலறை அலமாரி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார் ஜீவானந்தம். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பலகையைத் தானே வெட்டி, குடைந்து, பூவேலையும் செய்து தரும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை வாங்கினால் பட்டறையின் உற்பத்தி கூடுமா கூடாதா என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. கேட்க ஆரம்பித்துச் சில வருஷமாகிறது.

மெஷின் எங்கே நிற்கும் என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். பட்டறையின் நட்டநடுவில், நல்ல வெளிச்சம் விழும் இடத்தில், தரையில் மஞ்சள் பெயின்டால் பெரிய கட்டம் ஒன்று போட்டார். அதற்குள் பலகை வைக்கக்கூடாது, செருப்புக் காலோடு மிதிக்கக்கூடாது, டீ கிளாஸ்கூட வைக்கக்கூடாது. பலகைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டன. ரம்பம் வாசலுக்கு நகர்ந்தது. பட்டறையின் ஒரே ஆசாரியான முஸ்தபா பாய் தெருவுக்கே போய்விட்டார். வேப்பமரத்தடியில் நின்று இழைக்கிறார், தண்ணி லாரி வரும்போதெல்லாம் மேஜையோடு ஒதுங்கிக்கொள்கிறார். உற்பத்தி கூடுவதற்கான ஏற்பாட்டால் உற்பத்தி பாதியானது. அதைப் பார்த்த ஜீவானந்தம் என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தியா பாய், மெஷின் இல்லாம எவ்ளோ லேட்டாகுது!"

போன ஆயுத பூஜைக்கு ரம்பம், இழைப்புளி, துளை போடும் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், கட்டத்தின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் வாழையிலை போட்டுப் பொரிகடலை படைத்து, கற்பூரமும் காட்டினார். வாசலில் பூசணிக்காயும் உடைத்தார். யாரும் இதுவரை பார்க்காத மெஷினுக்குத் திருஷ்டி பட்டுவிடக்கூடாதல்லவா?

"அண்ணாத்த, மெஷின் எங்க கீது?" என்று கேட்டார் முஸ்தபா பாய்.

"வரப்போவுது பாய்."

"அப்போ பொரிய எடுத்து வையி. இப்பவே துன்னுட்டா, அது வந்தப்புறம் பட்டினிதான்."

இப்படிப் பூஜையும் புகையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊரப்பாக்கத்து கெசியா வந்து மாட்டினார். புது ஃபிளாட். சமையலறைக்குப் பதினைந்து கதவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். போதகர் வருவது பெரிதல்ல. நாகர்கோவிலிலிருந்து மாமியார் ரத்தினபாய் வருகிறார். கெசியாவின் பழைய வாடகை வீட்டுச் சமையலறைக்குள் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இது அடுக்களையா மக்களே, நெல்லு கொட்டுற பத்தாயமா?" என்று கேட்ட பெண்மணி. அந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்த கெசியா, பதிலை ஜீவானந்தத்திடம் ஆர்டர் கொடுத்திருந்தார்.

"அண்ணா, சண்டே காலைல அத்தை உள்ள வரும்போது கிச்சன் பளிச்சுனு இருக்கணும். ப்ளீஸ்ணா. என் மானமே இதுல இருக்கு."

"கவலைப்படாதீங்க சிஸ்டர்," என்றார் ஜீவானந்தம். சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து, கைப்பேசியில் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிக்கொண்டு முஸ்தபா பாய் பக்கத்தில் நின்றார். கையால் ஒரு கதவுக்கு எவ்வளவு நேரம், மெஷினில் எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தானே முடிவெடுக்கலாம்?

"எவ்ளோ நேரமாகும் பாய் ஒரு கதவுக்கு?"

பாய் வேலையை நிறுத்தினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். யோசித்தார். "நீ கேக்காம இருந்தா சீக்கிரம் முடியும்."

"அப்படிச் சொன்னா எப்படி? கரெக்டா சொல்லு."

"இப்ப நீ கேட்டதுக்கு நின்னேனே, அதையும் சேக்கணுமா, வேணாமா?"

இப்படி ஒரு கதவு முடியவில்லை, நாலு நாள் முடிந்துவிட்டது. அப்போதுதான் இந்த இனத்துக்கே உரிய அந்த மகத்தான யோசனை ஜீவானந்தத்துக்கு உதித்தது. விற்கிறவன் தன்னிடமுள்ள பலகையில் டெமோ காட்டினால் மெஷின் நன்றாகத்தான் வெட்டும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். நம் வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் கெசியாவின் பதினைந்து கதவுகளுக்கான பலகைகளையும் குட்டி யானை என்கிற ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். குரோம்பேட்டையில் இரண்டு கடை, பல்லாவரத்தில் இரண்டு கடை, மண்ணிவாக்கத்தில் ஒரு குடோன், பெரும்பாக்கம் போகிற வழியில் ஒரு ஷெட். எல்லாக் கதவையும் ஒரே இடத்தில் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்தால் ஒப்பிடுவது எப்படி?

டெமோ காட்டுகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். நேர்கோடு போடு என்றால் அவருக்கு அவமானம். ஒருவர் மயில் போட்டார். அடுத்தவர், மயில் போட்டவரை முறியடிக்க, இரண்டு யானைகளைத் தும்பிக்கை கோக்க வைத்தார். ஒருவர் தாமரை, ஒருவர் அலை, ஒருவர் என்னவென்றே தெரியாத ஒன்றைப் போட்டுவிட்டு "இத்தாலியன் சார்" என்றார். மண்ணிவாக்கத்துக்காரர் வியாபாரி, ஒரு கதவில் தன் கைப்பேசி எண்ணையே அழகான கொட்டை எழுத்தில் குடைந்து, "எப்ப வேணா கூப்பிடுங்க" என்றும் கீழே பொறித்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் முஸ்தபா பாய் கதவுகளை மாட்டி முடித்தார். எண் போட்ட கதவைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, ஆள் குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒளித்தார். கெசியா உள்ளே வந்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"அண்ணா... இது கிச்சனா, ஜூவா?"

"எல்லாம் கம்ப்யூட்டர் கட்டிங் சிஸ்டர். மூலையைத் தடவிப் பாருங்க, பிசிறே இருக்காது."

"வண்டலூர் ஜூ பக்கத்துலதானே இருக்கு? இங்க எதுக்கு யானை?" கெசியா தும்பிக்கைகளைக் கையால் மறைத்துப் பார்த்தார். "நாளைக்கு அத்தை வர்றாங்கண்ணா. நான் என்ன சொல்லுவேன்?"

ஜீவானந்தம் முஸ்தபா பாயைப் பார்த்தார். பாய் குழாயைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஜெபம் முடிந்தது. பிரியாணி திறக்கப்பட்டது. ரத்தினபாய் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அரை டஜன் சொந்தக்காரப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வெளிறிப்போன கெசியா, வாசலுக்கு வெளியே, ஓடுவதற்கு வசதியாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஜீவானந்தம். ரத்தினபாய் மயிலைத் தடவினார். யானைகளைத் தட்டிப் பார்த்தார். இத்தாலியனைத் தலைசாய்த்துப் பார்த்தார். பிறகு, யாரும் குனியமாட்டார்கள் என்று பாய் நம்பிய அந்த இடத்தில், மெல்லக் குனிந்தார்.

"எக்கா, இஞ்ச வந்து பாருங்க," என்று சத்தம் போட்டார். "தொட்டி ஒழுகினா ஆரைக் கூப்பிடணும்னு கதவிலயே நம்பர் வெட்டி வச்சிருக்கான். எப்ப வேணாலும் கூப்பிடலாமாம்! எங்க ஊர்ல ஒரு பிளம்பரைப் பிடிக்க நாம தவம் கெடக்கணும். இதுல்லா அடுக்களை! கெசியா, இந்த ஐடியா ஆருக்கு மக்களே?"

கெசியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்குத்தான் அத்தை."

பிரியாணி ஆறிக் கிடந்தது. பெண்கள் மயிலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீவானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரும்பும்போது கையில் இரண்டு புது ஆர்டர். இரண்டுமே "இதே மாதிரி" வேண்டுமாம். யானை வேண்டும், நம்பரும் வேண்டும். டெமோ கடைகளுக்கு மறுபடி போகவும் வழியில்லை. குரோம்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் வரை, குட்டி யானை தெருமுனையில் தெரிந்தாலே ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள்.

மறுநாள் பட்டறையில் முஸ்தபா பாய் கேட்டார். "இன்னா அண்ணாத்த, இனிமே வேற வழி இல்ல. மெஷின் வாங்கித்தானே ஆவணும்?"

"ஆமாம் பாய். முடிவு பண்ணிட்டேன்."

பாய்க்குக் கண் கலங்கியது. வேப்பமரத்திடம் விடைபெற்றுக்கொள்வது போல அண்ணாந்து பார்த்தார். அதற்குள் ஜீவானந்தம் உள்ளேயிருந்து பெயின்ட் டப்பாவோடு வந்தார். தரையில் முழங்காலிட்டு, பழைய மஞ்சள் கட்டத்தைச் சுற்றி, அதைவிடப் பெரிதாக, இன்னொரு கட்டம் போட ஆரம்பித்தார்.

"யானை வெட்டணும்னா சின்ன மெஷின் பத்தாது பாய். பெருசு பாக்கணும். அவசரப்படக்கூடாது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். டிரெட்மில் வரும் என்று கூடத்தில் விட்ட மூலை, பியானோ வரும் என்று நகர்த்திய சோபா, வாஷிங் மெஷினுக்காகக் குழாய் வைத்து வருஷக்கணக்காகத் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கும் பால்கனி. அங்கே வெறும் தரையைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் நடக்கும்போது, உங்களை அறியாமல், அதை மிதிக்காமல் சுற்றிப் போவீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அங்கேயும் கொஞ்சம் பொரி வைத்துவிடுங்கள்.