நாலாவது கல்

பாதிரியாரின் இடது தாடையில் கத்தி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணோரத்தில் ஒரு சொட்டு திரண்டு நுரைக்குள் இறங்கியது.

"வலிக்குதா சாமி?"

"இல்ல ஓதிலோன். எங்கம்மாவ நெனச்சுக்கிட்டேன்."

"கத்தி இழுக்குது. கல்லு சரியில்ல சாமி."

"கல்லாத்தான் இருக்கும்" என்றார், வாயைத் திறக்காமல்.

எங்கள் ஊரில் கத்தி இழுத்தால் கல்லைத்தான் குறை சொல்வார்கள். கத்தியைச் சொல்ல மாட்டார்கள். கையைச் சொல்லவே மாட்டார்கள். ஊருக்கு அடியில் இருப்பதே தீட்டுக்கல்தான். ஆண்கள் அதைத் தோண்டுகிறார்கள், இருமுகிறார்கள், சாகிறார்கள். பெண்கள் பட்டறையில் பச்சைத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு அதைத் தேய்த்து மட்டமாக்குகிறார்கள். உலகத்தில் பாதிப் பேர் எங்கள் கல்லில் தீட்டிய கத்தியால்தான் முகம் மழிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வோம். மீதிப் பாதிப் பேருக்குத் தாடி.

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி ஹெர்மீன் தலையைத் தூக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருடம் பட்டறையில் கல் தேய்த்தவள்.

"எந்தக் கல்லு சரியில்ல? எங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்த கல்லா?"

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு ஹெர்மீன். கல்லும் தேயும்."

"நானுந்தான் தேஞ்சேன். என்னையும் மாத்திருவீங்களா?"

பாதிரியார் இருமினார். கத்தி என் கையில் இருந்ததால் நான் மறு கன்னத்துக்குப் போனேன். அன்றைக்கே முடிவு செய்தேன். மிச்சமிருக்கும் ஆயுளுக்கு ஒரே ஒரு கல். ஊரிலேயே சிறந்தது. அதை நானே பொறுக்கி எடுப்பேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். டிசம்பரிலிருந்து என் வலது கை நடுங்குகிறது. பெரிதாக இல்லை. கோப்பையில் காப்பியைப் பாதிதான் ஊற்றிக்கொள்கிறேன். சூப்பை ரொட்டியில் நனைத்துச் சாப்பிடுகிறேன். என் அப்பாவும் இதே கடையில்தான் சவரம் செய்தார். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி இரண்டு வருடம் நான்தான் அவருக்கு ஊட்டிவிட்டேன். இது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக ஹெர்மீனுக்கு. கை நடுங்கும் நாவிதன் முன்னால் எவன் கழுத்தை நீட்டுவான்? கடை போனால் எனக்கு என்ன இருக்கிறது? இரண்டு முயல் இருக்கிறது. அவையும் அவள் பேச்சைத்தான் கேட்கும்.

அதனால் கணக்குப் போட்டேன். கூர் நன்றாக இருந்தால் ஒரே இழுப்பில் மயிர் போகும். இழுப்பு குறைந்தால் நடுங்கும் நேரமும் குறையும். ஆக, என் கைக்கு மருந்து டாக்டரிடம் இல்லை. கல்லில் இருக்கிறது.

ஹெர்மீனின் தம்பி லாம்பேர் பட்டறையில் கல் அறுப்பவன். வியாழக்கிழமை மத்தியானம் அவனிடம் போனேன். பலகையில் கல்லை வரிசையாக அடுக்கியிருந்தான். ஒவ்வொரு கல்லும் மேலே மஞ்சள், அடியில் நீலம்.

"வேகமா வெட்டற கல்லு வேணுமா மச்சான், மெல்லிசா முடிக்கற கல்லு வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் ஒரே கல்லுல வராது. தேய்க்கறப்ப வேகமாக் கரைஞ்சு பால் விடற கல்லு முரட்டுக் கூர் குடுக்கும். மெல்லிசுக்கு மணிக்கணக்கா ஒக்காரணும்."

"எனக்கு நேரமில்ல."

"எங்கக்கா கூட இருபத்தெட்டு வருஷம் ஒக்காந்தீங்க. ஒரு கல்லோட ஒக்கார முடியாதா?"

ஒவ்வொன்றையும் நனைத்து, சின்னத் துண்டுக் கல்லால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றில் பத்தாவது தேய்ப்பிலேயே பால் கெட்டியாக எழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டில் முறைப்படி தீட்டினேன். முதலில் கெட்டிப் பால். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இளக்கி, கடைசியில் வெறும் தண்ணீர். தோல் பட்டையில் அறுபது இழுப்பு. தலைமயிர் ஒன்றைப் பிடுங்கிக் கத்தி மேல் போட்டேன். விழுந்த மயிர் இரண்டாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை தபால்காரர் ரெமாக்லுக்குக் கண் கலங்கியது. கத்தி அறுக்கவில்லை, பிடுங்கியது.

"கல்லு அவ்வளவு மெல்லிசு இல்ல போல" என்றேன்.

"இருக்கும் இருக்கும்" என்றார் ரெமாக்ல், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

இரண்டாவது கல்லைச் சுரங்கத்தின் சாம்பல் நிற அடுக்கில் வெட்டியதாகப் பார்த்து எடுத்தேன். அதுவும் அதே கதை. மூன்றாவது கல்லுக்கு லாம்பேரைச் சுரங்கத்து வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஹெர்மீன் ஒவ்வொரு கல்லையும் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். பட்டறைக்காரிகள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

"நல்ல கல்லுதான்."

"பின்ன ஏன் இழுக்குது?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் பொம்பள. சமையக்கட்டுல வைக்காதீங்க, அவ்வளவுதான். உருளைக்கிழங்குன்னு நெனச்சு வேக வச்சிருவேன்."

நாலாவது கல் வந்த வாரம் கிழவர் துசேன் செத்துப்போனார். நாற்பது வருடம் சுரங்கத்தில் தூசியை மூச்சாக இழுத்தவர். எங்கள் பக்கத்தில் பெட்டியில் வைக்கும் முன் நாவிதன் போய் முகம் மழிக்க வேண்டும். ஹெர்மீன்தான் என் பையைக் கட்டிக் கொடுத்தாள். நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்து, காலரையும் சரி செய்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்தது. புனித நீர்க் கிண்ணத்தில், தெளிப்பதற்குப் பச்சை இலைக் கொத்து. துசேனின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை பூசிக் கத்தியை வைத்தேன். அது தானாகவே போனது. சத்தமே இல்லை. நாலு நாள் தாடி, பனி மாதிரி ஒதுங்கியது. நாலாவது கல்! கடைசியில் அகப்பட்டுவிட்டது.

அப்போது தாடைக்குக் கீழே என் கை தன்னிஷ்டப்படி ஓர் எட்டு வைத்தது. அரை விரல் நீளம் தோல் திறந்தது. ரத்தம் வரவில்லை. வெள்ளையாக, சின்ன வாய் மாதிரி இருந்தது. நான் துண்டால் மறைத்துக்கொண்டு சட்டைக் காலரை மேலே ஏற்றிப் பொத்தானைப் போட்டேன்.

துசேனின் மனைவி எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டாள். "உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் இப்படி வழுவழுன்னு இருந்ததில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கல்லைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், வெட்டை நினைக்கவில்லை என்றால் நம்பாதீர்கள்.

மறுநாள் அதே கத்தி, அதே கல். பாதிரியார் மறுபடியும் அம்மாவை நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. செத்தவனுக்குக் கூராகவும் உயிரோடிருப்பவனுக்கு மொட்டையாகவும் இருக்க ஒரு கல்லுக்கு எப்படித் தெரியும்? இரவு ஈரம் கத்தியின் கூரைத் தின்கிறது என்று முடிவு செய்தேன். கடை ஆற்றோரம். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கத்தியைத் தீட்டி, கடையில் வைக்காமல், கம்பளித் துணியில் சுற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பாதிரியார் நாற்காலியில் சாய்ந்தார். ரெமாக்ல் தொப்பியை மடியில் வைத்துக் காத்திருந்தார். நுரை பூசிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தேன்.

ஹெர்மீன் துண்டு மடிப்பதை நிறுத்தினாள்.

"அது எங்க இருந்துச்சு?"

"கோட்டுல. இன்னைக்குப் பாரு."

பாதிரியார் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். ரெமாக்ல் எதற்கோ எழுந்து நின்றார். கத்தி முனை நுரைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை முதல் தடவை பார்க்கிற மாதிரி ஒரு முகம்கூட இல்லை.

ஹெர்மீன் வந்தாள். கத்தியை என் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தாள். அலமாரியிலிருந்த கொலோன் பாட்டிலின் விளிம்பில் கூர்ப்பக்கத்தை வைத்து, ஒரு தடவை இழுத்தாள். பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். மழுங்கிய கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பப் பண்ணுங்க."

நான் கத்தியைப் பார்த்தேன். பாட்டிலைப் பார்த்தேன். பாட்டில் விளிம்பில் நூறு கீறல் இருந்தது.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம தவிர."

"சாமி, உங்களுக்குத் தெரியுமா?"

"என் பாவத்துக்குப் பரிகாரம்னு நெனச்சுக்கிட்டேன் ஓதிலோன்" என்றார் பாதிரியார், கண்ணைத் திறக்காமல்.

"அப்ப அரைகுறையா மழிச்ச முகத்தோடயா எல்லாரும் தெருவுல போறாங்க?"

"சவரம் முடிஞ்சதும் எல்லாரும் ஏன் பின்வாசல் வழியாப் போறாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள் ஹெர்மீன்.

"முயல் பாக்கன்னு நெனச்சேன்."

"நாப்பது ஆம்பளைங்க. ரெண்டு முயலு."

ரெமாக்ல் தொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி மழிச்சா கத்தி பட்டதே தெரியாது ஓதிலோன். தூக்கம் வந்துரும்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

"துசேனுக்கு மட்டும் ஏன் கூரா விட்ட?"

"அவருக்கு இனிமே என்ன ஆகிறப் போகுது? அவர் பொண்டாட்டி பாத்துக்கிட்டு இருப்பா. உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான்." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவர் வீட்டு ஜெபத்துக்குப் போனப்ப காலருக்குக் கீழ வெட்டப் பாத்தேன். கொஞ்சம் மெழுகு வச்சு அடச்சுட்டு வந்தேன்."

துசேனுக்கு வந்தது பாதிரியாருக்கு வந்திருந்தால், வெள்ளையாக இருந்திருக்காது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"நீ எந்தக் கல்லுல தீட்டற?"

"எது கைக்கு வருதோ அதுல."

"எதுன்னா?"

"இந்த வாரம் முயல் கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருந்தீங்களே, ஒடஞ்ச துண்டு. அதுல."

"நுரை காயுது" என்றார் பாதிரியார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஹெர்மீன் ஏப்ரன் பையிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டு தடவை தடவிக்கொண்டாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். நான் பிரஷ்ஷை நனைத்து, காய்ந்த இடத்தில் மறுபடியும் நுரை பூசினேன். அதற்கு என் கை பரவாயில்லை. நுரை முன்னைவிடச் சீக்கிரம் எழுகிறது.

அவள் இடது கைக்காரி. நாற்காலியின் மறுபக்கம் போய் நின்றாள். அவள் நிழல் பாதிரியாரின் முகம் முழுக்க விழுந்தது. குனிந்து, கண்ணைச் சுருக்கினாள்.

அந்த நாற்காலி என் அப்பா காலத்திலிருந்து ஒரே பக்கம் பார்த்து நிற்பது. நான் குத்துக்காலிட்டு, அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, பாதிரியாரோடு சேர்த்து அதை ஜன்னல் பக்கமாகத் திருப்பினேன்.