செடிக்குப் பெற்றோரை வரச்சொன்ன வாளி சார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் சுரங்கத்துக்குள் தினமும் இறங்கி ஏறும் தைரியசாலிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து வாளி சாரிடமிருந்து வந்த கடிதத்தைப் பயப்படாமல் பிரித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தக் கடிதங்களை எழுதியதே நான்தான்.

நான் அங்கே தமிழாசிரியர். அவர் விளையாட்டு ஆசிரியர், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் உபயோகித்ததில்லை. எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை: பர்மனென்ட், கான்ட்ராக்ட். நான் முதல் வகை, அவர் இரண்டாவது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் அவர் விசில் ஊத முடியும்.

விளையாட்டு வகுப்பையெல்லாம் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் பங்கு போட்டுக்கொண்டுவிட, அவர் மைதானத்தில் தனியாக நின்றுகொண்டிருப்பார். தலைமையாசிரியை ஈரோட்டுக்காரர், ஒருவர் சும்மா நிற்பதைச் சகிக்க மாட்டார். “சும்மாதானுங்க நிக்கறீங்க, அந்தச் சுற்றுச்சூழல் மன்றத்தையும் பார்த்துக்குங்க” என்றார். அதுவரை எங்கள் சுற்றுச்சூழல் மன்றம் என்பது வருடத்துக்கு ஒரு சார்ட், ஒரு பேச்சுப்போட்டி, ஒரு போட்டோ.

டவுன்ஷிப்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். அவர் ஊரில் போர் குழாய் வருடா வருடம் இன்னும் ஆழம் போய்க்கொண்டிருந்தது. மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போவதை அவர் ஒரு வாரம் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை கேட்டில் ஒரு பெரிய வாளியுடன் நின்றார். மிச்சத் தண்ணீரை அதில் ஊற்றாமல் யாரும் வெளியே போக முடியாது. காலி என்று சொல்கிறவர்கள் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பள்ளியைப் பார்வையிட வந்த ஒரு கல்வி அதிகாரியும் அன்று அரை பாட்டிலோடு மாட்டிக்கொண்டார். வாளிக்காரர் விசில் ஊதினார். அதிகாரி ஊற்றிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். பெயர் அன்றைக்கு நிலைத்தது.

ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினம் வந்தது. கொடிக்கம்பத்துப் பக்கம் வழக்கமான இடத்தில் குழி தோண்டச் சொன்னார்கள். தோண்டினால் ஒரு தகரப் பெயர்ப்பலகை வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஐந்து வருடமாக ஐந்து சிறப்பு விருந்தினர்கள் ஒரே குழியில் மரம் நட்டிருக்கிறார்கள். வாளி சார் பலகைகளைக் கழுவி ஸ்டாஃப் ரூம் மேசையில் வரிசையாக வைத்தார். “இன்னா சார் இது, செடி வைக்கிற குழியா, ஆளுங்களைப் பொதைக்கிற குழியா?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் சட்டத்தை மாற்றினார். சுற்றுச்சுவர் ஓரமாகப் பதினாறு குழி, அழைத்த பதினாறு விருந்தினர்களுக்கும் ஆளுக்கொன்று. யார் நடுகிறாரோ அவரே அந்தச் செடிக்குப் பெற்றோர். வாரநாட்களில் மன்றம் தண்ணீர் ஊற்றும். ஞாயிறு பெற்றோர் முறை. வேலி போடுவதும் பெற்றோர் பொறுப்பு. மேடையில் அவர் இதை அறிவித்தபோது விருந்தினர்கள் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுநாள் முதல் பதிவேட்டோடு சுவர் ஓரம் நடந்து ஆஜர் எடுத்தார். வேம்பு, ஆஜர். பூவரசு, உடம்பு சரியில்லை.

இரண்டு ஞாயிறு வராத பெற்றோருக்குக் கடிதம் போகும். அவர் கையெழுத்தை அவர் ஒருவரால்தான் படிக்க முடியும் என்பதால் அவர் சொல்வார், நான் எழுதுவேன். ‘தங்கள் வேம்பு இரு வாரங்களாகச் சோர்ந்து காணப்படுகிறது. பெற்றோர் என்ற முறையில் வரும் ஞாயிறு காலை வாளியுடன் நேரில் வரவும்.’

ஒரு பேங்க் மேனேஜர் கடிதத்தைப் பாதிதான் படித்தார். ஒன்பதாவது படிக்கும் மகள் ஏதோ செய்துவிட்டாள் என்று மனைவியோடு மறுநாளே ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் நிம்மதியில் நாலு வாளி ஊற்றினார். ஒரு டாக்டர் பதிலுக்கு மருந்துச்சீட்டு அனுப்பினார்: ‘தண்ணீர், ஒரு வாளி, காலை மாலை, ஆகாரத்துக்கு முன்.’ வாளி சார் அதைப் பதிவேட்டில் ஒட்டிவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார்: ‘சீட்டு கிடைத்தது. மருந்து கொடுக்க ஆள் வரவில்லை.’ டாக்டர் வந்தார்.

வராதவர் ஒருவர்தான், பாண்டு வாத்தியத்தோடு வந்து புங்கை நட்டுவிட்டுப் போன சுரங்க நிறுவனத்துப் பெரிய அதிகாரி. அவருக்கு மட்டும் கடிதம் வேண்டாம், ஏப்ரலை நினைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னேன்.

“அவரு பெரிய ஆளுன்னு செடிக்குத் தெரியுமா சார்?” என்றார்.

எழுதினேன். புங்கை வேலியில்லாமல் நின்றுகொண்டிருப்பதையும், அதற்கு மாடுகளின் சகவாசம் ஏற்பட்டிருப்பதையும் தெரிவித்தோம்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் பி.ஏ. போன் செய்தார். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அத்தனை பேரைக் கட்டி மேய்க்கிற மனிதரைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். கடிதத்தின் தமிழ் வாளி சாருடையதில்லை என்பது பார்த்தாலே தெரியும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நான்தான் மேடம் எழுதனேன்” என்றார். அவருக்கு மெமோ கிடைத்தது. பர்மனென்ட்டான நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். ஞாயிறு காலை அதிகாரியே வருகிறார். சனிக்கிழமை குவார்ட்டர்ஸ் மாடு ஒன்று உள்ளே புகுந்து புங்கையை மேய்ந்துவிட்டது. ஒரு குச்சிதான் மிச்சம்.

நர்சரியிலிருந்து அதே உயரத்தில் ஒரு புங்கை வாங்கி வைத்துவிடும்படி தலைமையாசிரியை சொன்னார். நானும் அதையே சொன்னேன். வாளி சார் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆள் மாறாட்டம் சார் அது. பரிச்சையில பண்ணா வெளிய அனுப்பறோம் இல்ல?”

ஞாயிறு காலை அதிகாரி டிரைவர் இல்லாமல் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் வாளி. தலைமையாசிரியை வரவேற்புரையைத் தொடங்க, அவர் செடி எங்கே என்று கேட்டார். வாளி சார் கூட்டிக்கொண்டுபோய்க் குச்சியைக் காட்டினார்.

“செத்துப்போச்சு சார். நீங்க ஒரு நாள் லேட்டு.”

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். சர்வீஸில் எத்தனையோ இடத்தில் மரம் நட்டிருக்கிறேன், அதில் ஒன்று என்ன ஆயிற்று என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்றார். பிறகு கடப்பாறை கேட்டார். அவருக்குத் தோண்டத் தெரியவில்லை. கோணலாகப் போனபோதெல்லாம் வாளி சார் விசில் ஊதித் திருத்தினார். அப்போதே நர்சரியிலிருந்து வரவழைத்த புதிய புங்கையைப் போட்டோ இல்லாமல் நட்டார்கள். அடுத்த வாரம் அதிகாரி மூங்கில் கூண்டு கொண்டுவந்தார். மார்ச்சில் மாற்றலாகிப் போகும்வரை ஞாயிறு தவறியதில்லை.

ஏப்ரல் வந்தது. இரண்டு பள்ளிக்கு இனி ஒரே விளையாட்டு ஆசிரியர் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. வாளி சாருக்குக் கையெழுத்து விழவில்லை. இதில் யாருக்கும் அவர்மேல் கோபமில்லை, தலைமையாசிரியைக்கு வருத்தம்கூட. ஊர் முழுக்கக் கடிதம் எழுதிய நான் அவருக்காக ஒரு மனு எழுதியிருக்கலாம். நல்ல நல்ல வாக்கியங்களாக மனசுக்குள் எழுதினேன். தாளில் எழுதவில்லை.

கடைசி நாள் அவர் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். “பதினாறுல பதிமூணு நிக்குது. நீங்க இங்கதானே இருப்பீங்க, பாத்துக்குங்க” என்றார். பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைக் கோபித்துக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று பிரேயரில் சுற்றுச்சூழல் மன்றத்தின் புதிய பொறுப்பாசிரியராக என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றேன். அங்கிருந்து சுவர் ஓரத்துப் பதிமூன்று செடிகளும் தெரிந்தன. தொண்டை கட்டிவிட்டது என்று கையால் காட்டிவிட்டு இறங்கிவிட்டேன். தலைமையாசிரியை சுக்குக் கஷாயம் குடிக்கச் சொன்னார். குடித்தேன். குரல் சரியாக நாலு நாள் ஆயிற்று.