ஆடிட்டுக்கு ஒரு குழந்தை

குழந்தை அழுகையை நிறுத்துவதாக இல்லை. பதினோரு மணிக்கு ஆடிட்டர் வருவதாக இருந்தது.

ஏற்றுமதிப் பனியன் கம்பெனியான வள்ளிமணாளன் நிட்ஸின் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் வேல்குமார் தொட்டிலுக்கு முன்னால் நின்று கைதட்டிப் பார்த்தான். விசிலடித்துப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஆட்டிக் காட்டினான். அவன் கல்யாணமாகாதவன். குழந்தைகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய ஜட்டி சைஸ் மட்டும்தான். ஆறு மாதத்துக்கு இடுப்பு எவ்வளவு, ஒன்பது மாதத்துக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அழுதால் என்ன செய்வது என்று துணி வாங்குகிற எந்த வெளிநாட்டு பையரும் அவனுக்கு மெயில் அனுப்பியதில்லை.

அந்த அறையின் வாசலில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போர்டு இருந்தது. உள்ளே நேற்று மத்தியானம் வரை அட்டைப்பெட்டிகள் இருந்தன. கம்பெனியில் தைக்கிற பெண்கள் பிள்ளைகளை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். கிரெச்சில் விட யாரிடமும் குழந்தை இல்லை. அதனால் தொழிலாளர் வசதிகளைச் சரிபார்க்க பையர் அனுப்பும் ஆடிட் வரும்போதெல்லாம் பெட்டிகள் பின்கட்டுக்குப் போகும், சுவரில் முயல் படம் ஏறும், ஒரு பிளாஸ்டிக் குதிரை வந்து நிற்கும். போன வருஷம் வந்த ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “குதிரை இருக்கிறது, குழந்தை இல்லை” என்று எழுதிவிட்டுப் போனார். பையர் அதைப் படித்துவிட்டார். இந்தத் தடவையும் கிரெச் காலியாக இருந்தால் குளிர்கால ஆர்டர் வங்காளதேசத்துக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் ஒரு தையல் லைனையே மூட வேண்டும். அதற்கும் முன்னால் வேல்குமாரின் வேலை போகும்.

லேபர் காண்ட்ராக்டர் தங்கவேலுதான் கை கொடுத்தார்.

“டெய்லரும் கொழந்தையும் ஒரே செட்டா அனுப்பி வெக்கறேனுங்க. ஒண்ணும் கவலப்படாதீங்க.”

சொன்னபடி காலையில் சித்ராதேவி என்கிற டெய்லர் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. ரோஸ் கவுன், உச்சியில் குடுமி, குடுமியில் மஞ்சள் கிளிப். முதலாளி பெருமாள்சாமிக்கு வாயெல்லாம் பல்.

“பொட்டப் புள்ளைங்களா, நெம்ப நல்லதாப் போச்சு. யாழினின்னு ஸ்டிக்கர் அடிச்சு வெச்சிருக்கறமுங்க, தொட்டல்ல ஒட்டிப்போடுங்க தம்பி.”

சித்ராதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சூப்பர்வைசர் அவளை லைனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்போது ஆரம்பித்த அழுகைதான்.

“சார், பசியா இருக்குமுங்களா?” என்று கேட்டாள் சண்முகப்பிரியா. அவள் டெலிபோன் ஆபரேட்டர். ஆனால் அன்றைக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டி நர்ஸாக நின்றிருந்தாள்.

“பால் குடுத்துட்டுத்தானுங்க அவங்கம்மா போனாங்க.”

“அப்ப கீழ பாக்கணுமுங்க.”

இரண்டு பேரும் யார் பார்ப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கோட்டு போட்டவள்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. டயபர் நனைந்து கல் மாதிரி கனத்தது. ஒட்டியிருந்ததைப் பிரித்தவள் அப்படியே நின்றாள்.

“சார், யாழினி பையனுங்க.”

வேல்குமார் எட்டிப் பார்த்தான். பையன்தான். ஆனால் அவன் கண்ணில் பட்டது வேறு. தொடை இடுக்கிலிருந்து பின்பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று தடித்துக் கிடந்தது. ஓரிடத்தில் தோலே உரிந்திருந்தது. இவ்வளவு புண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை நேரம் தன் விசிலைக் கேட்டுக்கொண்டிருந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

முதலாளிக்குப் போன் போட்டான்.

“சார், கொழந்தைக்கு டயபர் போட்ட எடத்துல புண்ணுங்க. அவங்கம்மாவையே கிரெச்சுல உக்கார வெச்சுக்கலாமுங்களா?”

“அம்மாவே உக்காந்து பாத்துக்கிட்டா அப்பறம் கிரெச் எதுக்குங்க தம்பி? அந்தம்மா மிசின்ல இருக்கோணும், புள்ள தொட்டல்ல சிரிக்கோணும். அதானுங்க கணக்கு.”

சித்ராதேவிக்கு ஒரே ஒரு நிமிஷம் அனுமதி கிடைத்தது. ஓடி வந்தவள் பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

“வாரம் பூரா அலைச்சலுங்க சார். காலைல மாட்டுன டயபரு, சாயங்காலம் ஊட்டுக்குப் போயித்தான் கழட்டறமுங்க. கேட்டா யாரும் உடமாட்டேங்கறாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவம்பேரு குமரனுங்க. முடி பழனிக்கு நேந்துட்டமுங்க, அதான் குடுமி. சொல்லலாம்னுதான் வந்தேன்...”

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். குமரன் முன்னிலும் உரக்க ஆரம்பித்தான்.

“மொதல்ல தொடச்சுடலாமுங்க” என்று சண்முகப்பிரியா தன் கைப்பையிலிருந்து முகம் துடைக்கிற ஈரக் காகிதத்தை எடுத்தாள். எலுமிச்சை வாசனை. ஒரு தடவை ஒற்றினாள், அவ்வளவுதான். அலறல் அயனிங் செக்‌ஷன் வரைக்கும் கேட்டது. அங்கே இரண்டு பேர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காது கொடுத்தார்கள்.

“வாசனை எரியுமுங்க போல” என்றாள், குற்றவாளி மாதிரி.

கேன்டீனிலிருந்து வெதுவெதுப்பான வெந்நீர் வந்தது. பஞ்சுக்கு எங்கே போவது? சுவரில் மாட்டியிருந்த ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸை வேல்குமார் திறந்தான். ஆடிட்டர் கையால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிற பெட்டி அது. இன்ன இன்ன சாமான் இருக்க வேண்டும் என்று அவனே பார்த்துப் பார்த்து அடுக்கியது. பஞ்சுச் சுருள் முழுக்க வெளியே வந்தது, பின்னாலேயே கட்டுத்துணியும் வந்தது. நனைத்து நனைத்து மெல்ல ஒற்றியதில் குழந்தை கொஞ்சம் தணிந்தது. பெட்டிக்குள் ஒரு கத்தரிக்கோல் மட்டும் மிச்சம் கிடந்தது.

“தேங்காயெண்ணெய் போட்டா ஆறிருமுங்க” என்று வெந்நீர் கொண்டு வந்த கேன்டீன்காரம்மா தன் பாட்டிலை நீட்டினாள். எலுமிச்சையில் பட்ட பாட்டுக்குப் பிறகு வேல்குமார் உஷாராகிவிட்டான். முதலில் தன் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையாலேயே நெற்றி வேர்வையைத் துடைத்தபோது கொஞ்சம் கண்ணுக்குள் போயிற்று. அது தலைவலிக்குத் தேய்க்கிற குளிர்ச்சித் தைலம்.

அந்தச் சமயம் பார்த்து பெருமாள்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டிலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தான்.

“ஏனுங்க தம்பி, அதை நிறுத்தச் சொன்னா நீங்களும் சேந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

சண்முகப்பிரியா ஒரு காரியம் செய்தாள். தனக்கு உண்மையிலேயே தெரிந்த வேலையைச் செய்தாள். டெலிபோனை எடுத்து மருந்துக்கடைக்குப் போட்டாள். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். ஜிங்க் களிம்பு இருக்கிறது, சுத்தமாகக் கழுவி ஈரம் போக ஒற்றிவிட்டுத் தடிமனாகப் பூச வேண்டும், டயபர் கூடவே கூடாது, காற்றாட விட வேண்டும், இரண்டு நாளில் ஆறவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வாங்கி வர ஆளில்லை. லைனில் இருந்து யாரையும் எழுப்ப முடியாது. வேல்குமார் கேட்டில் நின்ற வாட்ச்மேன் நஞ்சப்பனைக் கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தான்.

“கேட்டை யாருங்க பாத்துக்குவா?”

“அஞ்சு நிமிசந்தானுங்களே. கேட்டு எங்கயும் போயிராதுங்க, நீங்க போய்ட்டு வாங்க.”

களிம்பு வருகிறவரைக்கும் குழந்தையை எதில் கிடத்துவது? தொட்டிலில் விரித்திருந்தது நைலான் விரிப்பு. கட்டிங் மாஸ்டர் நூருல்லாவிடம் ஓடினான்.

“இருக்கறதுலயே மெத்துனு ஒரு துணி வேணுங்க பாய். சாயமில்லாத துணியா, துவைச்சதாப் பாத்துக் குடுங்க.”

“இருக்குதுங்களே, குளிர்கால ஆர்டருக்கு வந்த சாம்பிள் ரோல். வாஷ் பண்ணது. ஆனா அது பையர் துணியாச்சுங்களே.”

“பையரும் ஒரு காலத்துல கொழந்தையாத்தானுங்க இருந்திருப்பாரு.”

நூருல்லா கத்தரியைப் போட்டு ஒரே இழுப்பில் கிழித்துக் கொடுத்தார். ஏற்றுமதித் தரம் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் வேல்குமாருக்குக் கையில் பட்டது. குமரனுக்கும் பிடித்துவிட்டது. பிடித்த சந்தோஷத்தில் உடனே நனைத்தான். இன்னொரு துண்டு வந்தது, அதையும் நனைத்தான். அலசிப் பிழிந்த துணிகளைக் காயப்போட அந்த அறையில் ஒரே ஒரு கம்பிதான் இருந்தது. எமர்ஜென்சி டோரைத் தள்ளித் திறக்கிற கம்பி. ஆபத்துக் காலத்தில் தொழிலாளர்கள் தப்பித்து ஓட வேண்டிய கதவில் வரிசையாகக் குழந்தைத் துணி தொங்கியது.

களிம்பு வந்தது. சோற்றுக்கு நெய் ஊற்றுகிற தாராளத்தோடு சண்முகப்பிரியா பூசினாள். குமரன் விசும்பி, விக்கி, அவள் முகத்தைப் பார்த்தான். கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

“நர்ஸ் வேல எனக்கு வருமுங்க போல சார்” என்றாள் அவள் மெதுவாக.

காற்றாட விட வேண்டுமே. அந்த அறையில் ஃபேன் கிடையாது. அட்டைப்பெட்டிக்கு எதற்கு ஃபேன்? அயனிங் செக்‌ஷனிலிருந்து பெரிய ஸ்டாண்ட் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிளக் அங்கேயே இருந்ததால் வயர் நடைபாதையின் மஞ்சள் கோட்டைக் குறுக்கே கடந்து வந்தது. மஞ்சள் கோட்டுக்குள் ஒரு நூல்கூடக் கிடக்கக் கூடாது என்று மாதாமாதம் எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் எடுக்கிறவன் அவன்தான்.

ஃபேன் சுற்றியது. வெறும் உடம்போடு குப்புறக் கிடந்த குமரனின் முதுகில் காற்றுப் பட்டது. ஒரு கொட்டாவி விட்டான். அப்படியே தூங்கிப்போனான்.

பெருமாள்சாமி மறுபடியும் வந்தார். கதவில் தொங்கிய துணியைப் பார்த்தார், காலியான பெட்டியைப் பார்த்தார், வயரைத் தாண்டி வந்தார்.

“ஐயோ சாமி, இதென்னங்க கோலம்? அழுவை நின்னுருச்சல்ல, டயபரை மாட்டி, கவுனைப் போட்டு, ஃபேனைத் தள்ளீருங்க. மேடம் வந்துருவாங்க.”

வேல்குமார் தொட்டிலைப் பார்த்தான். தன் வேலையை நினைத்தான். ஊரில் கட்டி முடியாத வீட்டை நினைத்தான். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

“மாட்ட மாட்டனுங்க சார்.”

“என்னங்க?”

“மாட்டுனா மறுபடியும் எரியுமுங்க. ஆடிட் போனாப் போகுதுங்க.”

இந்தக் கம்பெனியில் பெருமாள்சாமியிடம் முடியாது என்று சொன்ன ஆள் இதுவரை இல்லை. அதற்கு எப்படிக் கோபித்துக்கொள்வது என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“இந்த வயர் எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

ஆடிட்டர் ஷமீமா கையில் ஃபைலோடு நின்றிருந்தார். சென்னைக்காரர். நஞ்சப்பன் களிம்பைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்ததால் கேட்டில் யாரும் தடுக்கவில்லை. வாசலில் வணக்கம் இல்லை, சந்தனம் இல்லை, நேராக உள்ளே வந்துவிட்டார்.

“கேட்ல ஆளில்ல” என்று எழுதினார். “நடைபாதையில வயர்” என்று எழுதினார். கதவுக் கம்பியில் தொங்கிய துணிகளைத் தொட்டுப் பார்த்து, அதையும் எழுதினார். ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸைத் திறந்தார். கத்தரிக்கோலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

பெருமாள்சாமி சுதாரித்துக்கொண்டார். எல்லாம் போனாலும் கிரெச்சையாவது காப்பாற்றிவிட வேண்டும்.

“அதெல்லாம் உடுங்க மேடம், கொழந்தையப் பாருங்க. தொட்டல்ல பேரே போட்டிருக்கறமுங்க. யாழினி. பொறந்ததுல இருந்து நம்ம கிரெச்சுலயே வளர்ற புள்ளைங்க. என்னையக் கண்டா உடமாட்டா.”

சொன்னதோடு நிற்காமல், வேல்குமார் தடுப்பதற்குள் குழந்தையை அள்ளி ஆடிட்டருக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். குமரன் கண் விழித்தான். காற்றாட இருந்தவன், யாரையும் கலந்துகொள்ளாமல், பெருமாள்சாமியின் வெள்ளைச் சட்டைப் பையில் நேராகப் பாய்ச்சினான்.

சண்முகப்பிரியா கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஷமீமா பேனாவை மூடினார். அருகில் வந்து குனிந்து, களிம்பு பூசிய இடத்தைப் பார்த்தார். மஞ்சள் கிளிப்பைப் பார்த்தார். குமரன் அவரைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்ப்பதுபோலச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

“திங்கக்கிழமை மித்ரா, நேத்து தன்யா, இன்னிக்கு யாழினி. இந்த வாரம் இதே குழந்தைய மூணு கம்பெனியில பாத்துட்டேன் சார், பையன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”