சாம்பல் பட்டை விருந்தாளிகள்

"என் பாஸ்போர்ட்டை என் கையில கொடுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த நிலையிலும் சொல்லக் கூடாது என்று விமானம் ஏறும் முன்பே எங்கள் எட்டுப் பேருக்கும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் எங்கள் அண்ணன். கூடப் பிறந்தவர் அல்ல, அதைவிட மேலானவர். எங்கள் சுற்றுலா நிறுவனத்தின் முதலாளி. 'முதலாளி' என்ற சொல் அவர் காதில் விழுந்தால் முகம் சுருங்கிவிடும். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம் என்பதால் எங்களுக்கு லீவு கிடையாது. குடும்பத்துக்கு யாராவது லீவு போடுவார்களா?

மனித குலத்தைச் சொர்க்கத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். செத்த பிறகுதான் அனுமதி என்று அவர்கள் எல்லாரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே, அதுவும் குறைந்த செலவில், கூட்டிப்போய்க் காட்டியவர் எங்கள் அண்ணன் ஒருவரே. வருங்காலம் அவருக்குச் சிலை வைக்கும். அந்தச் சிலையைக் கழுவ யாரை அழைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் என் பதவி 'வாடிக்கையாளர் உணர்வு அலுவலர்'. அதாவது, போகாத வாடிக்கையாளர்கள் பார்க்காத கடலைப் பற்றி என்ன உணர்ந்தார்கள் என்று நான் எழுத வேண்டும். இரண்டு வருடங்களில் நானூறு பேராக உணர்ந்திருக்கிறேன். புதுமணத் தம்பதி நானே. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நானே. 'இரண்டு குழந்தைகளோடு போனோம், மூன்றாவது குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார்கள்' என்று கண் கலங்கியதும் நானே. என் சொந்தப் பெயரில் மட்டும் நான் எதையும் உணர்ந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, அண்ணன் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். அலுவலகத்தில் ஏசி அந்த அறையில் மட்டும்தான் உண்டு. ஆகவே எல்லாக் கூட்டங்களும் எங்களுக்குப் பாதி உல்லாசப் பயணம்.

"உங்க உழைப்புக்கு நன்றியா, நம்ம எல்லாரும் தீவுக்குப் போறோம். நாலு நாள்."

எந்தத் தீவு என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு ராத்திரி தங்க எங்களில் ஒருவர் மூன்று மாதம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். டிக்கெட் அக்காதான் வாயைத் திறந்தார். பதினைந்து வருடமாக ஊரையெல்லாம் விமானத்தில் ஏற்றிவிட்டுத் தான் ஒருநாளும் ஏறாதவர். அண்ணனைவிட நாலு வயது மூத்தவர். இருந்தாலும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். அது நிறுவனக் கொள்கை.

"எப்படிண்ணா? அங்க ஒரு காபி விலைக்கு இங்க வீட்டுக்கு மளிகையே வாங்கிடலாமே."

"அதுக்குத்தான் அண்ணன்னு ஒருத்தன் இருக்கேன். செலவைப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. நான் யோசிச்சிட்டேன்."

அவர் யோசித்திருந்தார். அதில் சந்தேகமே இல்லை.

விமானம் இறங்கியதும் ஒரு ஜிப் வைத்த பையைத் திறந்து நீட்டினார். "பாஸ்போர்ட்டை எல்லாம் இதுல போடுங்க. சின்னப் பிள்ளைங்க, தொலைச்சிடுவீங்க." சின்னப் பிள்ளைகளில் மூத்த பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. அதுவும் போட்டது.

தீவின் படகுத் துறையில் இறங்கும்போது, கொட்டகை நிழலில் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒருத்தியும் திருப்பிச் சிரிக்கவில்லை. வெயில் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் பட்டதாரி, எதற்கும் உடனே ஒரு காரணம் வைத்திருப்பேன்.

விடுதியில் விருந்தாளிகளுக்கு நீல நிறத்தில் கைப்பட்டை கட்டுகிறார்கள். அதைக் காட்டினால் நீச்சல் குளம், கடற்கரை, சாப்பாட்டு மண்டபம் எல்லாம் திறக்கும். எங்களுக்குச் சாம்பல் நிறத்தில் கட்டினார்கள். அதைக் காட்டினால் துணி துவைக்கும் கூடத்தின் பின்வாசல் திறந்தது. அங்கே ஒரு அறை, எட்டு அடுக்குக் கட்டில்கள், சுவரில் கடல் படம். ஜன்னலைத் திறந்தால் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மூச்சு. ஆளுக்கொரு வாளி, ஒரு பிரஷ், ஒரு ஏப்ரன்.

"இது என்னண்ணா?" என்று கேட்டேன்.

"அனுபவம்."

"வாளி மாதிரி இருக்கே."

"அனுபவம் எந்த உருவத்துலயும் வரும்மா. ஆளுக்குப் பன்னிரண்டு ரூம். காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. நடுவுல சொர்க்கத்துலதான இருக்கீங்க. விடுதிக்காரங்க கிட்ட பேசிட்டேன், தங்குறது, சாப்பாடு எல்லாம் இலவசம். நீங்க இங்க வேலைக்காரங்க இல்ல. 'விருந்தினர் பங்காளி'."

"அப்ப நீங்கண்ணா?" என்றார் டிக்கெட் அக்கா.

"நானும் பங்காளிதான். ஆனா நிர்வாகத்துக்கு அமைதி வேணுமில்ல?"

அவர் கேட்ட அமைதி, கடலுக்குள் கால் ஊன்றி நின்ற ஒரு மரவீட்டில் கிடைத்தது. அண்ணி, இரண்டு பிள்ளைகள், அண்ணன் என அந்த அமைதியில் நாலு பேர் தங்கினார்கள். எட்டுப் பேர் நாலு நாள் கழுவினால் அந்த வீடு சரியாகக் கட்டுப்படியாகும் என்று எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நாங்கள் குளத்தைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்டதனம். முதல் நாள் மாலை, விளம்பரப் படத்துக்காக ஒரே ஒரு நீலப் பட்டையைக் கடன் வாங்கி வந்தார் அண்ணன். ஒருவர் போட்டுக்கொண்டு குளத்தோரம் சாய்ந்து சிரிக்க வேண்டும். கழற்றி அடுத்தவரிடம் தர வேண்டும். டிக்கெட் அக்காவின் மணிக்கட்டில் அது ஏறவில்லை. சோப்புப் போட்டு ஏற்றினோம். ஏறியது இறங்கவில்லை. "சிரிங்கக்கா, சிரிங்க" என்று அண்ணன் படம் எடுத்துக்கொண்டே இருக்க, மீதி ஏழு பேரும் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தோம். அந்தப் படத்துக்கு 'பிரிய மனமில்லை' என்று நான்தான் தலைப்பு எழுதினேன்.

என் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி. அம்மா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கழிவறை கழுவுகிறாள். வீட்டில் என்னைப் பிரஷ்ஷைத் தொடவிட்டதில்லை. "நீ போய்ப் படி" என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகவே சொர்க்கத்திலேயே மோசமாகக் கழுவியவள் நான்தான். டிக்கெட் அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

"மேலருந்து கீழ தேய், பாப்பா. கீழருந்து தேய்ச்சா மறுபடியும் வழியும்."

"பட்டம் எதுக்குக்கா வாங்கினேன்?"

"சுருட்டிப் பிடிச்சா அடைப்பு எடுக்க உதவும். தேய்."

இரண்டாம் நாள் என் கையை முகர்ந்து பார்த்தேன். அம்மாவின் கை வாசனை அடித்தது.

அப்போது பார்த்து அம்மாவே போன் பண்ணினாள். "கடல் எப்படி இருக்கு பாப்பா?"

"நீலமா இருக்கும்மா."

நான் பொய் சொல்லவில்லை. கழிவறைப் பீங்கானுக்குள் ஊற்றிக்கொண்டிருந்த மருந்து நீலம்தான்.

மூன்றாம் நாள் மதியம், ஈரத் துண்டுகளைப் படகுத் துறையில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்கள். அந்த எட்டுப் பெண்களும் அதே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கோடிப்பக்கம் இருந்தவள் என் சாம்பல் பட்டையைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த ஓசிக் கூட்டமா?"

"ஆமா. நீங்க?"

"கீழ்வரிசைல பன்னிரண்டு ரூம் இருக்குல்ல? அது என்னோடது. ஏழு வருஷமா."

அது நான் கழுவிக்கொண்டிருந்த வரிசை.

"படிச்ச பிள்ளைங்க சும்மாவே செய்றாங்க, நாலு நாளைக்கு நீங்க வேணாம்னுட்டாங்க. நாங்க சும்மா உக்காந்தா கூலியும் இல்ல. யாராச்சும் நடுவுல கிளம்பினா கூப்பிடுவாங்கன்னு தினம் வந்து உக்காந்திருக்கோம். நீங்க யாரும் கிளம்புற மாதிரி தெரியல." என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "உனக்குக் கையுறை குடுக்கலையா? எங்களுக்குக் குடுப்பாங்களே."

எனக்கு உடனே ஒரு காரணம் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் முறை.

திரும்பி வந்தால் அண்ணன் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். மரவீட்டு முகப்பில் வெள்ளைக் குளியல் அங்கியில் சாய்ந்திருந்தார். காலடியில் கடல், கையில் இளநீர்.

"உக்காரும்மா. ஈரமா இருக்கா? அப்ப நில்லு. விஷயம் இதுதான். இந்த நாலு நாள் சோதனைதான். அடுத்த மாசத்துலருந்து இதையே விக்கப் போறோம். 'உழைத்துத் தங்கு'. இப்பதான் படிச்சு முடிச்ச பிள்ளைங்க இருநூறு பேர். நம்மகிட்ட பணம் கட்டி வருவாங்க, இங்க வந்து கழுவுவாங்க. விடுதியும் நமக்குக் குடுக்கும்."

"ரெண்டு பக்கமும் வாங்குவீங்களா?"

"பாலம்னா ரெண்டு பக்கமும்தான் நிக்கணும். சாயங்காலத்துக்குள்ள நீ ஒரு கட்டுரை எழுதிக் குடு. இந்தத் தடவை வேற பேர் வேணாம், உன் பேர்லயே. முதல் தலைமுறைப் பட்டதாரிப் பொண்ணு தீவுக்கு வந்த கதை. உங்கம்மா கக்கூஸ் கழுவுறவங்கதான?"

"ஆமா."

"அதைப் போடு. ஒரு போட்டோ இருந்தா அதையும் போடு. படிக்கிறவன் உருகிடுவான். உருகினாதான் பணம் கட்டுவான்."

உள்ளே அண்ணி பிள்ளைகளிடம் ஈரக் காலோடு வராதீர்கள் என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தரையைக் காலையில் துடைத்தவள் நான்.

"என் பாஸ்போர்ட்டை என் கையில கொடுங்க," என்றேன்.

அண்ணன் இளநீரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் முதலில் வருத்தம்தான் படுவார்கள்.

"இதைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? குடும்பத்துல யாராச்சும் இப்படிக் கேப்பாங்களா?"

"குடும்பத்துல யாரும் வாங்கி வச்சுக்க மாட்டாங்கண்ணா."

"அது என்கிட்ட இல்லம்மா. வரவேற்பறைல இருக்கு. நாலு நாள் வேலை முடியுற வரைக்கும் அடகு... பாதுகாப்பு. என் கையெழுத்து இல்லாம தர மாட்டாங்க. போய் எழுது போ."

போனேன். வழியில் டிக்கெட் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஏப்ரனோடு, கையில் வாளியோடு, வரவேற்பறைக்கே போனேன். சாம்பல் பட்டைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாத இடம் அது. வெள்ளைக் கம்பளம், பூ வாசனை, அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய ஆறேழு நீலப் பட்டைகள். நடுவில் நின்று வாளியைக் கீழே வைத்தேன்.

வரவேற்புப் பெண் சிரிப்பு மாறாமல் பல்லிடுக்கில் பேசினாள். "இங்கெல்லாம் நிக்கக் கூடாது."

"பாஸ்போர்ட்டைக் கொடுங்க. அப்புறம் நிக்க மாட்டேன்."

"உங்க தலைவர் கையெழுத்துப் போடணும்."

"இதோ இவங்க கிளம்பும்போது யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"இவங்க விருந்தாளிங்க."

"நான் 'விருந்தினர் பங்காளி'. பாதிக் கையெழுத்தாவது தள்ளுபடி பண்ணுங்க."

ஒரு சீமாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த வாளியில என்ன?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் குடுக்கப் போற ரூம்ல இருந்து எடுத்ததுங்க," என்றேன். வாளியைக் காலால் கம்பளத்தின் ஓரத்துக்கு ஒரு சாண் நகர்த்தினேன்.

கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய விடுதிகள் புயலுக்குப் பயப்படுவதில்லை, சட்டத்துக்குப் பயப்படுவதில்லை. ஒரு வாளிக்குப் பயப்படுகின்றன. மூன்றாவது நிமிடம் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது.

அதற்குள் டிக்கெட் அக்கா வந்துவிட்டார். தன் வாளியை என் வாளிக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தார்.

"குடுத்துட்டாங்களா, பாப்பா?"

"குடுத்துட்டாங்கக்கா. டிக்கெட் நாளன்னிக்குத்தானே இருக்கு."

"பதினஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் தேதி மாத்திக் குடுத்தவ. நமக்கு ரெண்டு மாத்தத் தெரியாதா? இன்னிக்கு ஆறு மணி விமானம்." பிறகு மேசைப் பக்கம் திரும்பி, யாருக்கும் வலிக்காத குரலில் சொன்னார்: "என் பாஸ்போர்ட்டை என் கையில கொடுங்கம்மா."

குளியல் அங்கியின் நாடாவைப் பிடித்தபடி அண்ணன் ஓடி வந்தார். இத்தனை நீலப் பட்டைகளுக்கு நடுவில் கத்த முடியாது. கெஞ்சத்தான் முடிந்தது.

"போறதுன்னா போ. கட்டுரையையாவது எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. இவ்வளவு செஞ்ச அண்ணனுக்கு அதுகூடச் செய்ய மாட்டியா?"

நியாயமான கோரிக்கை. மேசையில் கிடந்த 'விருந்தினர் கருத்து' தாளை எடுத்து நின்றபடியே எழுதினேன்:

'குறைந்த செலவில் சொர்க்கம் என்று எங்கள் அண்ணன் சொன்னது சத்தியமான உண்மை. அவருக்கு ஒரு காசு செலவில்லை. கீழ்வரிசைக்காரிக்கு மூன்று நாள் கூலி செலவு. என் அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடம் செலவு. அவள் கழுவிச் சம்பாதித்தாள். இவர் கழுவாமல் சம்பாதிக்கிறார்.'

கீழே, முதல் முறையாக, என் பெயரையே எழுதினேன். தாளை அந்தச் சீமாட்டியின் கையில் கொடுத்து, "சத்தமா படிங்க, அவர் கண்ணாடி போட்டுட்டு வரல" என்றேன்.

சீமாட்டி படிக்கத் தொடங்கியபோது, இரண்டு பாஸ்போர்ட்டோடு நானும் அக்காவும் வாசலைத் தாண்டியிருந்தோம். அறையில் இருந்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு படகுத் துறைக்குப் போனோம். எங்களைப் பெட்டியோடு பார்த்ததும் கோடிப்பக்கத்துக்காரி எழுந்தாள். இடுப்புப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளையும் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு, விடுதியைப் பார்த்து நடந்தாள்.